நெடுந்தூர நடைக்கு சாமான் சேக்குறீங்களா, பையை கடைசியா வாங்குங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை இணைப்புல நெடுந்தூர நடைபயணம் போறவங்களுக்கு என்னென்ன சாமான் வேணும்னு ஒரு முழுப்பக்கம் போட்டிருந்தீங்க. இந்த மாதிரி விஷயம் தமிழ் பேப்பர்ல வர்றதே அபூர்வம், அதுக்கு மொதல்ல நன்றி. ஆனா அந்தப் பக்கத்தை கையில வச்சுக்கிட்டு என் அண்ணன் பையன் எங்கிட்ட வந்து உக்காந்தான், மொகம் தொங்கிப் போயிருந்துச்சு. "அத்தை, இதுல இருக்குறதெல்லாம் வாங்கணும்னா நான் இன்னும் ரெண்டு வருஷம் காசு சேக்கணும், அதுக்குள்ள வேலையில சேந்துடுவேன், அப்புறம் யாரு மூணு மாசம் லீவு குடுப்பா"ன்னு கேட்டான். எனக்கு மனசே கேக்கல. காலு நல்லா இருக்கு, நேரம் இருக்கு, ஆசை இருக்கு, ஒரு லிஸ்ட்டு அவனை வாசல்லயே நிறுத்திடுச்சு. பல வருஷமா முதுகுல பையை மாட்டிக்கிட்டு வாரக்கணக்குல நடக்குறவ நான், எனக்குத் தெரிஞ்சதை சொல்லணும்னு தான் இதை எழுதுறேன், கொஞ்சம் நீளமா போகும், பொறுத்துக்குங்க.

அந்த லிஸ்ட்டுல மொத வரியே பேக்பேக், அதுவும் 65 லிட்டருக்கு மேல. நான் சொல்றேன், பை தான் கடைசியா வாங்க வேண்டிய சாமான். நானும் ஆரம்பத்துல பையை தான் மொதல்ல வாங்குனேன், 75 லிட்டர், காலிப் பையே ரெண்டரை கிலோ. பை பெருசா இருந்தா உள்ள எடம் மிச்சம் இருக்கும், எடம் மிச்சம் இருந்தா கை சும்மா இருக்காது, இதையும் வச்சுக்கலாம் அதையும் வச்சுக்கலாம்னு திணிச்சுக்கிட்டே போவோம், நானும் அப்படித்தான் திணிச்சேன், கெளம்பும்போது 17 கிலோ. மூணாவது நாள் சாயங்காலம் ஒரு தட்டையான பாறை மேல பையை கவுத்து எல்லாத்தையும் பரப்பிட்டு, இந்த மூணு நாள்ல ஒரு தடவ கூட தொடாததை ஒரு பக்கமா தள்ளிக்கிட்டே வந்தேன். ஜீன்ஸ் பேன்ட் ஒண்ணு, டி-ஷர்ட் மூணு, பெரிய டார்ச், அதுக்கு மாத்து பேட்டரி ஒரு செட்டு, முழு ஷாம்பு பாட்டில், கனமான புத்தகம் ரெண்டு, மடக்கு ஸ்டூல், ஸ்டீல் பாத்திரம் மூணு. தொடாத குவியல் தொட்ட குவியலை விட பெருசா நின்னுச்சு. தோள்ல பட்டை அழுத்துன எடம் செவந்து கன்னிப் போய் அன்னிக்கு ராத்திரி ஒருக்களிச்சு படுக்க முடியல. அந்தப் பாறை மேல தான் எனக்கு ஒரு விஷயம் புரிஞ்சுது, எடையை குறைக்க ரெண்டு வழி இருக்கு, ஒண்ணு காசு குடுத்து லேசான சாமான் வாங்குறது, இன்னொண்ணு வீட்டுலயே விட்டுட்டு வர்றது. விட்டுட்டு வர்றதுக்கு காசே வேண்டாம். கம்மி காசுல போறதும் கம்மி எடையில போறதும் முக்காவாசி தூரம் ஒரே பாதை தான்.

எம்மா கேட்வுட்டுன்னு ஒரு அம்மா, 11 புள்ள பெத்தவங்க. 1955ல, 67 வயசுல, அமெரிக்காவுல அப்பலேச்சியன் ட்ரெயில்ங்கிற மலைப்பாதையை தனி ஆளா முழுசா நடந்து முடிச்சாங்க, 3,200 கிலோமீட்டருக்கு மேல, 146 நாள். தனியா ஒரே சீசன்ல அதை முடிச்ச மொத பொம்பள அவங்க தான். டென்ட்டு கிடையாது, ஸ்லீப்பிங் பேக் கிடையாது, அவங்களே டெனிம் துணியில தச்ச ஒரு பையை ஒரு தோள்ல மாட்டிக்கிட்டு, ஒரு கம்பளி, ஒரு ரெயின்கோட், பாத்ரூம்ல தொங்க விடுற ப்ளாஸ்டிக் திரை ஒண்ணு, கால்ல சாதா கேன்வாஸ் ஷூ. அதோட நிக்காம 1957ல மறுபடியும் நடந்தாங்க, 1964ல மூணாவது தடவையும் முடிச்சாங்க. இதை சொல்றதால எல்லாரும் அப்படியே போங்கன்னு நான் சொல்லல, அந்தப் பாதையில ஒதுங்க கொட்டகை இருந்துச்சு, வழியில நல்ல மனுஷங்க வீட்டுல படுக்க எடம் குடுத்தாங்க, உங்க பாதையில அது இருக்காம போகலாம், குளிர்ல வெறும் கம்பளிய நம்புறதும் ஆபத்து. ஆனா சாமான் முழுசா சேந்தா தான் நடக்கவே தகுதின்னு நெனைக்கிற புள்ளைங்க இவங்க கதையை ஒரு தடவ தெரிஞ்சுக்கணும்.

சரி, எங்கேருந்து ஆரம்பிக்கிறது. என் அண்ணன் பையனுக்கு நான் மொதல்ல குடுத்தது சமையக்கட்டு தராசு. வீட்டுல ஏற்கனவே என்னென்ன இருக்கோ எல்லாத்தையும் ஒண்ணு ஒண்ணா வச்சு கிராம் கணக்குல ஒரு நோட்டுல எழுத சொன்னேன். சாப்பாடு, தண்ணி, அடுப்பு எரிபொருள் மூணையும் கழிச்சுட்டு மிச்சம் வர்ற எடையை தான் பேஸ் வெயிட்னு சொல்லுவாங்க. அது 9 கிலோவுக்குள்ள வந்துட்டா லேசான மூட்டைன்னு வச்சுக்கலாம், நாலரை கிலோவுக்குள்ள போனா அதை அல்ட்ராலைட்னு சொல்றாங்க, அந்த நாலரைக்கு ஆசைப்பட்டா தான் காசு தண்ணியா ஓடும், 8 கிலோ 9 கிலோ ஒரு சாதாரண ஆளுக்கு தாராளமா போதும், அதுக்கு பெருசா செலவு பண்ண வேண்டாம். எழுதி பாத்தா தான் தெரியும், வருஷக்கணக்கா நாம வேணும்னு நம்பிக்கிட்டு இருக்குற சாமான்ல பாதி, பயத்துக்காக தூக்குறது. பசிச்சுடுமோன்னு பயம் இருந்தா சாப்பாடு அதிகமாகும், குளிரிடுமோன்னு பயந்தா துணி அதிகமாகும், ஒவ்வொருத்தருக்கு ஒவ்வொரு பயம்.

இப்போ எங்க காசு போடணும்னா, தூக்கத்துல போடுங்க, அதுலயும் கீழ விரிக்கிறதுல. இதை நான் நல்லா பட்டு தெரிஞ்சுக்கிட்டேன். ஒரு தடவ நல்ல ஸ்லீப்பிங் பேக்கா கடன் வாங்கிக்கிட்டு, கீழ விரிக்கிற மேட்டு (mat) எதுக்கு தண்ட எடைன்னு விட்டுட்டு போனேன். ராத்திரி ரெண்டு மணி வாக்குல முழிப்பு வந்துடுச்சு, மேல் பக்கம் கதகதன்னு இருக்கு, இடுப்புக்கு கீழ மட்டும் ஐஸ் மேல படுத்த மாதிரி. நம்ம ஒடம்பு எடை அழுத்தி ஸ்லீப்பிங் பேக்கோட அடிப்பக்கம் சப்பையா போயிடுது, உள்ள காத்து நிக்கிறது இல்ல, காத்து நிக்கலன்னா சூடும் நிக்காது, தரை அப்படியே ஒடம்பு சூட்டை உறிஞ்சுடும். இருட்டுல தடவி பையை காலி பண்ணி அதை இடுப்புக்கு கீழ போட்டு, ரெயின்கோட்டை மடிச்சு தோளுக்கு கீழ வச்சு, விடியுற வரைக்கும் கண்ணை தொறந்துக்கிட்டே கெடந்தேன். அதுக்கப்புறம் மேட்டு இல்லாம நான் வெளிய படுத்ததே கிடையாது. விலை ஒசந்த காத்தடிக்கிற மேட்டு தான் வேணும்னு இல்ல, மடக்குற ஃபோம் மேட்டு 400 கிராம் தான் வரும், முள்ளு குத்துனாலும் ஒண்ணும் ஆகாது, விலையும் அதை விட ரொம்ப கம்மி தான். ஆர்-வேல்யூன்னு ஒரு நம்பர் போட்டிருப்பாங்க, தரைக் குளிரை எவ்வளவு தடுக்கும்ங்கிற கணக்கு. சாதா ஃபோம் மேட்டுக்கு 2 பக்கம் வரும், உறைபனி இல்லாத சீசனுக்கு அது போதும், பனி மேல படுக்கணும்னா 5க்கு மேல வேணும். ஒண்ணு மேல ஒண்ணு போட்டா அந்த ரெண்டு நம்பரையும் கூட்டிக்கலாம், அதனால பழைய மேட்டை தூக்கி போடாதீங்க.

ஸ்லீப்பிங் பேக் வாங்கும்போது கவர்ல பெருசா போட்டிருக்குற டிகிரியை நம்பி ஏமாந்துடாதீங்க. ஐஎஸ்ஓ 23537ன்னு ஒரு ஸ்டாண்டர்டு இருக்கு, முன்னாடி இஎன் 13537னு இருந்துச்சு, அதுபடி மூணு நம்பர் வரும், கம்ஃபர்ட், லிமிட், எக்ஸ்ட்ரீம். கம்ஃபர்ட்ங்கிறது ஒரு சராசரி பொம்பளைக்கு குளிராம தூக்கம் வர்ற அளவு, லிமிட்டுங்கிறது ஒரு சராசரி ஆம்பள சுருண்டு படுத்து சமாளிக்கிற அளவு, எக்ஸ்ட்ரீம்ங்கிறது உசுரு பொழைக்கிற அளவு மட்டும் தான், அதுல தூக்கமெல்லாம் கிடையாது. நிறைய எடத்துல லிமிட்டை தான் பெருசா போடுறாங்க, பொண்ணுங்க அதை பாத்து வாங்கிட்டு நடுங்குறாங்க. கம்ஃபர்ட் நம்பரை மட்டும் பாருங்க. இறகு வச்சது லேசு, சின்னதா மடங்கும், ஆனா விலை அதிகம், நனைஞ்சா சப்பையாகி சூடு போயிடும். சிந்தெட்டிக் கொஞ்சம் கனம், நனைஞ்சாலும் ஓரளவு சூடு தரும், விலையும் கம்மி. ஈரமான பக்கம் நடக்கப் போறவங்களுக்கு சிந்தெட்டிக்கே போதும்னு நான் சொல்லுவேன். செகண்ட் ஹேண்ட்ல இறகு வச்சது கெடைச்சா வெளிச்சத்துக்கு நேரா தூக்கி பிடிச்சு பாருங்க, அறை அறையா தச்சிருப்பாங்க, அதுல எங்கயாவது இறகு கட்டியா ஒதுங்கி நடுவுல வெறும் துணி மட்டும் தெரிஞ்சா வேண்டாம். வருஷக்கணக்கா சுருட்டி அமுக்கியே வச்சிருந்தா இறகு மறுபடி உப்பாது, அதையும் கேட்டுக்குங்க.

டென்ட்டும் செகண்ட் ஹேண்ட்ல தாராளமா வாங்கலாம், ஆனா கை வச்சு பாக்காம வாங்காதீங்க. எனக்கு ஒண்ணு கெடைச்சுது, ஃபோட்டோவுல புத்தம் புதுசு மாதிரி இருந்துச்சு, விரிச்சா உள்பக்கம் கையில பிசுபிசுன்னு ஒட்டுது, நகத்தால லேசா சுரண்டுனா பழைய ஸ்டிக்கர் பசை மாதிரி உருண்டு உருண்டு வருது, ஒரு மாதிரி புளிச்ச வாந்தி நாத்தம் வேற. தண்ணி புகாம இருக்க துணியில பூசுற பாலியூரித்தேன் பூச்சு ஈரத்துல இருந்து இருந்து கெட்டுப் போனா இப்படித்தான் ஆகும், துவைச்சாலும் திரும்பாது. நனைஞ்ச டென்ட்டை சுருட்டி மூலையில போட்டு வச்சா எந்த டென்ட்டுக்கும் இந்த கதி தான், அதனால வீட்டுக்கு வந்ததும் காய வைங்க. டென்ட்டுக்கே காசு பத்தலன்னா தார்ப்பாய் போதும், மூணு மீட்டருக்கு மூணு மீட்டர் இருந்தா ஒரு ஆள் தாராளமா படுக்கலாம், ட்ரெக்கிங் கம்பு ரெண்டை தூணா வச்சுக்கலாம், காத்து அடிக்கிற பக்கம் தாழ்வா கட்டுங்க. கொசு உள்ள எடமா இருந்தா ஒரு வலை கட்டாயம். தையல் வழியா தண்ணி சொட்டுற டென்ட்டுக்கு சிலிக்கான் பூச்சு உள்ள துணின்னா சிலிக்கான் சீலன்ட்டுன்னு ஓட்டையை அடைக்கிற பசை, பாலியூரித்தேன்னா அதுக்குன்னு இருக்குற சீலர், ரெண்டையும் மாத்தி போட்டா ஒட்டாது. கீழ விரிக்க வீடு கட்டும்போது செவத்துல சுத்துற டைவெக் ஷீட்டு துண்டு கெடைச்சா விடாதீங்க, லேசு, கிழியாது.

ஷூ பத்தி உங்க லிஸ்ட்டுல கணுக்காலை மூடுற தோல் பூட்ஸ் தான் வேணும்னு இருக்கு. கனமான மூட்டை, பனி, கூரான கல்லுன்னா சரி. சாதாரண பாதைக்கு லேசான மூட்டைக்கு ட்ரெயில் ரன்னிங் ஷூ, அதாவது மண்பாதையில ஓடுறதுக்குன்னு செய்யுற லேசான ஷூ போதும், நெடுந்தூரம் நடக்குறவங்கள்ல பெரும்பாலானவங்க இப்போ அதுல தான் நடக்குறாங்க. கால்ல இருக்குற எடை முதுகுல இருக்குற எடை மாதிரி இல்ல, ஒவ்வொரு அடிக்கும் தூக்கி தூக்கி வைக்கணும், முதுகுல சுமக்குற எடையை விட கால்ல அதே எடைக்கு நாலஞ்சு மடங்கு சக்தி செலவாகும். நனைஞ்சா சீக்கிரம் காயும். ஆனா ஒரு விஷயத்தை யாரும் பட்ஜெட்டுல எழுதுறதே இல்ல, ஒரு ஜோடி ஷூ 500லேருந்து 800 கிலோமீட்டர் தான் தாங்கும். 3,000 கிலோமீட்டர் பாதைன்னா நாலுலேருந்து ஆறு ஜோடி. எல்லா காசையும் கெளம்புறதுக்கு முன்னாடி சாமான்ல கொட்டிட்டு, ரெண்டாவது மாசம் தேஞ்ச ஷூவோட நடந்து முட்டி போய் திரும்பி வந்த ஒருத்தரை எனக்கு நேர்ல தெரியும், அவர் முதுகுல இருந்த டென்ட்டு அவ்வளவு அருமையான டென்ட்டு. ஷூவுக்கான காசை தனியா எடுத்து வச்சுட்டு மிச்சத்துல தான் சாமான் வாங்கணும். நடக்க நடக்க கால் வீங்கும், அதனால அரை சைஸ் இல்ல ஒரு சைஸ் பெருசா எடுங்க, எல்லா ஜோடியையும் முன்கூட்டியே வாங்கி அடுக்காதீங்க, நடுவுல கால் சைஸே மாறிப் போகலாம்.

துணிக்கு புதுசா ஒண்ணுமே வாங்க வேண்டாம்னு கூட சொல்லலாம். விளையாட போடுற பாலியஸ்டர் டி-ஷர்ட், ட்ராக் பேன்ட், பழைய ஃப்ளீஸ் ஒண்ணு, எல்லார் வீட்டு பீரோவுலயும் கெடக்கும். காட்டன் மட்டும் வேண்டாம், நனைஞ்சா சூடு தராது, காயவும் காயாது, குளிர்ல அது ஒடம்போட ஒட்டிக்கிட்டு ஒடம்பு சூட்டை இழுத்துடும். போட்டுக்க ஒரு செட்டு, தூங்க காஞ்ச செட்டு ஒண்ணு, சாக்ஸ் மூணு ஜோடி. சாக்ஸ் மட்டும் கம்பளி நூல் கலந்ததா காசு குடுத்து வாங்குங்க, கொப்புளம் வந்து நின்னு போன பயணம் எத்தனையோ.

சில்லறை சாமான் பத்தி வேகமா சொல்லிடுறேன். தண்ணிக்கு கடையில வாங்குற சாதா ஒரு லிட்டர் ப்ளாஸ்டிக் பாட்டில் 40 கிராம் கூட வராது, கனமான அகல வாய் பாட்டில் 180 கிராம், அந்த சாதா பாட்டிலே வாரக்கணக்கா ஒழைக்கும். பை மேல போடுற ரெயின் கவர் வேண்டாம், முதுகுப் பக்கமா தண்ணி இறங்கத்தான் செய்யும், கெட்டியான பெரிய குப்பைப் பை ஒண்ணை பைக்குள்ள வச்சு அதுக்குள்ள சாமானை போட்டு வாயை முறுக்கி விட்டா ஆத்துல விழுந்தாலும் ஸ்லீப்பிங் பேக் நனையாது. கிழிஞ்சா தைக்க ஊசியும் பல் இடுக்கு சுத்தம் பண்ற நூலும், டக்ட் டேப்பை கம்புல நாலு சுத்து சுத்தி வச்சுக்குங்க. கூல்ட்ரிங்ஸ் டின்னுல செய்யுற ஸ்பிரிட் அடுப்பு பத்து பதினஞ்சு கிராம் தான், செலவே இல்ல, ஆனா பகல்ல தீ எரியறதே கண்ணுக்கு தெரியாது, அணைக்க திருகும் கிடையாது, காஞ்ச காலத்துல நிறைய காட்டுல அதுக்கு தடை, அங்கெல்லாம் கேஸ் அடுப்பு தான், இல்ல அடுப்பே இல்லாம ஊற வச்சு சாப்பிடுங்க.

மிச்சம் புடிக்கக் கூடாத எடமும் இருக்கு. தண்ணி சுத்தம் பண்றது அதுல மொதல். சின்ன குழாய் ஃபில்டர், 0.1 மைக்ரான் துளை உள்ளது, பாக்டீரியாவையும் புரோட்டோசோவாங்கிற ஒரு செல் கிருமியையும் தடுக்கும், வைரஸை தடுக்காது. அது ஒரு தடவ உள்ள ஈரத்தோட உறைஞ்சுட்டா துளை விரிஞ்சு வீணாப் போயிடும், வெளிய பாத்தா எதுவுமே தெரியாது, அதனால செகண்ட் ஹேண்ட் ஃபில்டர் மட்டும் வாங்கவே வாங்காதீங்க, குளிர் ராத்திரியில ஸ்லீப்பிங் பேக்குக்குள்ள கூடவே வச்சுக்கிட்டு படுங்க. வாசனை கலக்காத சாதா ப்ளீச், சோடியம் ஹைப்போக்ளோரைட் 6 சதவீதம் உள்ளது, தெளிஞ்ச தண்ணின்னா லிட்டருக்கு 2 சொட்டு விட்டு கலக்கி அரை மணி நேரம் விடணும், ஆனா வயித்துப்போக்கு வர வைக்கிற க்ரிப்டோஸ்போரிடியம்ங்கிற கிருமிக்கு ப்ளீச் வேலை செய்யாது, அதுக்கு கொதிக்க வைக்கணும், ஒரு நிமிஷம் தளதளன்னு கொதிச்சா போதும், 2,000 மீட்டருக்கு மேல ஏறிட்டா மூணு நிமிஷம். அதே மாதிரி மழைக்கோட்டும் தலையில மாட்டுற ஹெட்லாம்பும் மருந்துப் பையும் எடைன்னு சொல்லி விட்டுட்டு போகாதீங்க.

இதெல்லாம் சேந்த பொறகு எல்லாத்தையும் ஒரு அட்டைப் பெட்டியில அடுக்குங்க, நீளம் அகலம் ஒசரம் அளந்து பெருக்குனா எத்தனை லிட்டர் பை வேணும்னு அதுவே சொல்லிடும், மேல சாப்பாட்டுக்கு கொஞ்சம் எடம் விட்டுக்குங்க. என் அண்ணன் பையனுக்கு சாப்பாட்டையும் சேத்து 45 லிட்டர்ல அடங்கிடுச்சு. லிட்டரை விட முக்கியம் முதுகு நீளம், தலையை குனிஞ்சா கழுத்துக்கு பின்னாடி துருத்திக்கிட்டு நிக்கிற எலும்புலேருந்து இடுப்பு எலும்பு மேல் விளிம்பு மட்டத்துக்கு டேப் வச்சு அளக்கணும், ஆள் ஒசரத்தை வச்சு வாங்குனா தப்பாயிடும். இடுப்புப் பட்டை எலும்பு மேல உக்காந்து பெரும்பாலான எடையை அது தான் தாங்கணும், தோள் பட்டை பையை முதுகோட சாய்ச்சு பிடிக்க மட்டும் தான்.

அப்புறம் ஒரு ராத்திரி, வீட்டுக்கு பக்கத்துலயே, எதுவும் தப்பா போனா திரும்பி வந்துடுற தூரத்துல, முழு மூட்டையோட போய் படுத்துட்டு வாங்க. மழை நாளா பாத்து போனா இன்னும் நல்லது. அவன் போன வாரம் போயிட்டு வந்தான், தார்ப்பாய் முடிச்சு ராத்திரில அவுந்துடுச்சாம், ஹெட்லாம்ப் பைக்கு அடியில போயிடுச்சாம், மேட்டு மட்டும் சூப்பர் அத்தைன்னான். அவன்கிட்ட இருக்குற சாமான்ல புதுசா காசு குடுத்து வாங்குனது மேட்டு, ஃபில்டர், சாக்ஸ், ஷூ இந்த நாலு தான், மிச்சமெல்லாம் வீட்டுல இருந்தது, கடன் வாங்குனது, இன்னொருத்தர் பரண்லேருந்து எறங்குனது. இதோ இப்போ முடிச்சு போட பழகிக்கிட்டு இருக்கான்.

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள். ஒரு தடவ போயிட்டு வந்து அப்புறம் பரண்ல தூங்குற டென்ட்டும் ஸ்லீப்பிங் பேக்கும் எத்தனையோ வீட்டுல இருக்கு. குடுக்க மனசு உள்ளவங்களும் கேக்க கூச்சப்படுற புள்ளைங்களும் உங்க பேப்பரை தான் படிக்கிறாங்க. இணைப்புல ஒரு சின்ன மூலை, மாசம் ஒரு தடவ, இரவலா குடுக்குறவங்களுக்கும் வாங்குறவங்களுக்கும் ஒதுக்கி குடுத்தீங்கன்னா பெரிய உதவியா இருக்கும். எங்கிட்ட இருக்குற 75 லிட்டர் பையை மொதல்ல நான் தர்றேன், பனிக்கு போற யாருக்காவது அது தேவைப்படும்.

இப்படிக்கு,
உங்கள் நீண்ட நாள் வாசகி